போக்கர்: எந்தச் சீட்டை எந்த எடத்துல இருந்து ஆடறதுங்க?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. டெக்சஸ் ஹோல்டம்ங்கற போக்கர் ஆட்டத்துல மொதல்ல கைக்கு வர்ற ரெண்டு சீட்டைப் பத்தி ஒரு கேள்வி. எட்டுப் பேர் உக்காந்து ஆடறது. காசு கெடையாது, ஆளுக்கு 200 புளியங்கொட்டை. கட்டாயக் கட்டுல ஸ்மால் பிளைண்ட் 1, பிக் பிளைண்ட் 2. எல்லாருக்கும் ரம்மி நல்லாத் தெரியும், மூணு சீட்டும் தெரியும். போக்கர்ல எது ஜோடி, எது ஸ்ட்ரெய்ட், எது ஃப்ளஷ்ங்கற வரைக்கும் தெரியும். அதுக்கு மேல கண்ணக் கட்டிக் காட்டுல உட்டாப்புல இருக்குதுங்க.

இப்போதைக்கு ஆடற கை இதுதான்: ஏஸ் கூட எது வந்தாலும், ராஜா-ராணி, ராஜா-ஜாக்கி, எந்த ஜோடியானாலும், ஒரே இனத்துல எந்த ரெண்டு சீட்டானாலும். ஏஸ்-ஜாக்கி வெச்சிருக்கறப்ப ஃப்ளாப்புல (மேசை நடுவுல எல்லாருக்கும் பொதுவா விழற மொத மூணு சீட்டுல) ஏஸ் விழுகுது, நம்பிக் கட்டிட்டே போனா கடைசில எதிராளி ஏஸ்-ராணியக் காட்டறார். சின்னச் சின்னதா செயிச்சதெல்லாம் ஒரே கைல போயிருது. இது ஏன் மறுக்கா மறுக்கா நடக்குது?

பொசிஷன் பொசிஷன்னு எல்லாரும் சொல்றாங்க. சீட்டு அதேதானுங்களே, உக்கார்ற எடம் மாறினா என்ன மாறும்? ஸ்மால் பிளைண்டுல பாதி கட்டியாச்சு, இன்னும் 1 கட்டி ஃப்ளாப்பைப் பாக்கறது தப்புங்களா? வெவரம் தெரிஞ்ச அண்ணன்மாரும் அக்காமாரும் புரியறாப்புல சொல்லுங்க.

பவானிக்காரர் (ஈரோடு)

தம்பி, நீங்க ரெண்டு கேள்வின்னு நெனச்சுக் கேட்டது ஒரே கேள்விதான். ஏஸ்-ஜாக்கி ஏன் தோக்குதுங்கறதுக்கும் எடம் ஏன் முக்கியம்ங்கறதுக்கும் பதில் ஒண்ணே. சீட்டைப் பாத்ததும் அது நல்லதா கெட்டதான்னு கேக்காதீங்க. எனக்குப் பின்னால இன்னும் எத்தனை பேர் பேசோணும்னு, அதாவது கட்டறதா, சீட்டைப் போட்டு மடிக்கறதான்னு சொல்லோணும்னு மொதல்ல எண்ணுங்க. அந்த எண்ணிக்கை தெரிஞ்ச பொறகுதான் சீட்டுக்கு மதிப்பு வரும்.

மொதல்ல வரிசைய நேர் பண்ணிக்குவோம், இதுலயே பாதிப் பேர் கொழம்பறாங்க. பட்டன் (சீட்டு போடறவர் எடத்தக் காட்டற வில்லை) யார்கிட்ட இருக்குதோ அவருக்கு இடது கைப் பக்கம் ஸ்மால் பிளைண்ட், அதுக்கு அடுத்து பிக் பிளைண்ட். 28, 304ங்கற சீட்டாட்டம் ஆடிப் பழகின கை தன்னால வலது பக்கம் போகும். போக்கர்ல சீட்டு போடறதும் பேசறதும் இடது பக்கமாத்தான். ஃப்ளாப்புக்கு முன்னால பேச ஆரம்பிக்கறது பிக் பிளைண்டுக்கு அடுத்த ஆள், கடைசியாப் பேசறது பிக் பிளைண்ட். ஃப்ளாப் விழுந்த பொறகு தலைகீழ்: ஸ்மால் பிளைண்ட் மொதல்ல, பட்டன் கடைசி. ஃப்ளாப், டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு), ரிவர் (அஞ்சாவது) மூணு சுத்துலயும் அப்படித்தான். ரெண்டே பேர் ஆடறப்ப மட்டும் பட்டன்காரரே ஸ்மால் பிளைண்ட் கட்டோணும். ஃப்ளாப்புக்கு முன்னால அவர் மொதல்ல, பொறகு அவர் கடைசி.

இன்னொரு கொழப்பம். மூணு சீட்டுல பிளைண்டுன்னா சீட்டப் பாக்காம பாதி கட்டி ஆடறது. இங்க பிளைண்டுன்னா சீட்டு வர்றதுக்கு முன்னால அந்த ரெண்டு எடத்துக்காரங்க கட்டியே தீரோணும்ங்கற கட்டாயக் கட்டு. பேர் ஒண்ணு, சங்கதி வேற.

இப்ப உங்க ஏஸ்-ஜாக்கிக்கு வருவோம், ரெண்டும் வேற வேற இனம்னு வெச்சுக்கலாம். உங்க கைல ஒரு ஏஸ், ஒரு ஜாக்கி போக மீதி 50 சீட்டு. அதுல எதிராளிக்கு ரெண்டு சீட்டு 1225 விதமா வரலாம். உங்களை நல்லா அமுக்கற கை எது? ஏஸ்-ராஜா 12 விதம், ஏஸ்-ராணி 12, ஏஸ் ஜோடி 3, ராஜா ஜோடி 6, ராணி ஜோடி 6, ஜாக்கி ஜோடி 3. மொத்தம் 42. ஒரு ஆள்கிட்ட இது இருக்க வாய்ப்பு 3.4 சதவீதம், ஒண்ணுமே இல்லாத மாதிரித் தெரியும். ஆனா எட்டுப் பேர்ல மொதல்ல பேசறப்ப உங்களுக்குப் பின்னால ஏழு பேர். அந்த ஏழு பேர்ல ஒருத்தர்கிட்டயாவது இருக்க வாய்ப்பு ஏறக்குறைய 22 சதவீதம், அஞ்சு தடவைக்கு ஒண்ணுக்கும் எச்சு. பட்டன்ல நீங்க இருந்து முன்னால எல்லாரும் மடிச்சிருந்தா, பின்னால ரெண்டே பேர்: 7 சதவீதத்துக்குள்ள, பதினஞ்சு தடவைக்கு ஒண்ணு. சீட்டு அதேதான். ஆபத்து மூணுல ஒரு பங்கா கொறையறது எடத்தாலதான்.

இதப் புளியங்கொட்டைல எண்ணிப் பாருங்க. மொத ஆளா ஏஸ்-ஜாக்கிய 6க்கு ரெய்ஸ் பண்றீங்க, அதாவது கட்டை ஏத்தறீங்க. பட்டன் கால் (அதே அளவு கட்டறார்), பிளைண்டுக ரெண்டும் மடிச்சாச்சு. பாட், அதாவது நடுவுல சேர்ந்த மொத்தம், 15. ஃப்ளாப் ஏஸ்-8-4, மூணும் வேற வேற இனம். நீங்க 8 கட்டறீங்க, அவர் கால், பாட் 31. டர்ன் 2. நீங்க 18, அவர் கால், பாட் 67. ரிவர் 9. இப்ப உங்களுக்குப் பயம் வந்து செக் பண்றீங்க, ஒண்ணும் கட்டாம உடறீங்க. அவர் 40 கட்டறார். ஏஸ் கைல இருக்குதேன்னு நீங்களும் கட்டறீங்க. அவர் ஏஸ்-ராணி. 6, 8, 18, 40 சேர்ந்து 72 போச்சு. அதே எடத்துல அவர்கிட்ட பத்து ஜோடி இருந்திருந்தா? ஏஸ் விழுந்ததுமே, உங்க 8க்கே மடிச்சுருவார். உங்களுக்குக் கெடைக்கறது அவரோட 6, பிளைண்ட் 3, மொத்தம் 9. ஆக, மொதல்ல பேசற எடத்துல அந்தக் கை செயிச்சா 9, தோத்தா 72. நீங்க சொன்ன "சின்னச் சின்னதா செயிச்சு ஒரே கைல போறது" இதுதான்.

அதே ஏஸ்-ஜாக்கிய பட்டன்ல வெச்சுப் பாருங்க. முன்னால எல்லாரும் மடிச்சாச்சு. 5க்கு ரெய்ஸ், ஸ்மால் பிளைண்ட் மடிக்கறார், பிக் பிளைண்ட் கால். பாட் 11. அதே ஏஸ்-8-4. அவர் செக், நீங்க 5, அவர் கால், பாட் 21. டர்ன்ல அவர் மறுக்கா செக். இங்கதான் எடம் வேலை செய்யுது: நீங்களும் செக் பண்ணி அந்தச் சுத்தை ஓசில முடிச்சுக்கலாம். ரிவர்ல அவர் 10 கட்டினா கால் பண்ணிப் பாக்கறீங்க. தோத்தாக்கூட 20தான். கடைசியாப் பேசறவர்தான் பாட் எவ்வளவு பெருசாகோணும்னு முடிவு பண்றார்.

கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைல துண்டுக்கு அடில வெரலப் புடிச்சு வெல பேசறது எதுக்கு? நம்ம வெல அடுத்தவனுக்குத் தெரியக் கூடாதுன்னுதான். போக்கர்ல மொதல்ல பேசறவர் துண்டு இல்லாம வெல சொல்றவர். கடைசில இருக்கறவர் எல்லார் வெலையும் கேட்டுட்டுத் தன் வெலயச் சொல்றார்.

மடிக்கறதுக்கு யோசிக்காதீங்க. ரம்மில மொத டிராப் 20, நடு டிராப் 40, முழுசாத் தோத்தா 80. கை சரியில்லைன்னா 20 குடுத்து எந்திரிக்கறோமில்லீங்களா? போக்கர்ல பிளைண்ட் எடம் தவிர மத்த எடத்துல மொத டிராப்புக்கு ஒண்ணுமே குடுக்க வேண்டாம். எட்டுப் பேர் ஆட்டத்துல ஒரு முழுச் சுத்துக்கு உங்க செலவு வெறும் 3 கொட்டை. 200 இருக்கறவருக்கு 3 போறதுக்கு அவசரமே இல்லை.

கணக்குவாத்தியார் (கோவை)

மேலே அண்ணன் சொன்ன எண்ணிக்கை முறைதான் சரி. இருக்கைகளின் பெயரை மனப்பாடம் செய்தால் ஆள் கூடும்போதும் குறையும்போதும் தடுமாறிப் போவீர்கள். ஆறு பேர் ஆட்டத்தின் முதல் ஆளும், எட்டுப் பேர் ஆட்டத்தில் முதல் இருவர் மடித்தபின் பேசும் ஆளும் கிட்டத்தட்ட ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள்: பின்னால் ஐந்து பேர்.

இரண்டு சீட்டு மொத்தம் 1326 விதமாக வரும். ஒரு குறிப்பிட்ட ஜோடி 6 விதம். ஒரே இனத்தில் ஏஸ்-ராஜா போன்றது 4 விதம், வேறு வேறு இனத்தில் 12 விதம். இந்த 4-க்கு 12 என்ற வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. "ஏஸ்-ஜாக்கி ஆடுகிறேன்" என்று சொன்னால் நான்கில் மூன்று முறை வேறு இனத்து ஏஸ்-ஜாக்கியைத்தான் ஆடுகிறீர்கள்.

முன்னால் யாரும் கட்டாதபோது நீங்களே ரெய்ஸ் செய்து நுழைவதற்கு ஒரு பட்டியல் தருகிறேன். புதியவருக்காகக் கொஞ்சம் இறுக்கியே வைத்திருக்கிறேன். சூட்டட் என்றால் ஒரே இனம், ஆஃப்சூட் என்றால் வேறு இனம்.

பின்னால் ஆறேழு பேர் இருந்தால்: 7 ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-ஜாக்கி, ஏஸ்-ராணி, ஏஸ்-ராஜா சூட்டட், ராஜா-ராணி சூட்டட், ஆஃப்சூட்டில் ஏஸ்-ராணி, ஏஸ்-ராஜா மட்டும். எண்ணிப் பார்த்தால் 88 விதம், 6.6 சதவீதம். பதினைந்து கைக்கு ஒன்று. கேட்கும்போது மிகக் குறைவாகத் தெரியும், ஆனால் அந்த இடத்துக்கு அதுதான் அளவு.

நாலைந்து பேர் இருந்தால்: 5 ஜோடியிலிருந்து, ஏஸ்-10 சூட்டட்டிலிருந்து, ராஜா-10, ராஜா-ஜாக்கி, ராஜா-ராணி சூட்டட், ராணி-ஜாக்கி, ராணி-10, ஜாக்கி-10 சூட்டட், ஆஃப்சூட்டில் ஏஸ்-ஜாக்கி முதல் ஏஸ்-ராஜா வரை, கூடவே ராஜா-ராணி. 148 விதம், 11 சதவீதம். உங்கள் ஏஸ்-ஜாக்கி ஆஃப்சூட் பட்டியலுக்குள் வருவதே இங்கிருந்துதான்.

மூன்று பேர் இருந்தால், அதாவது பட்டனுக்கு முந்தைய கட்-ஆஃப் இடத்தில்: எல்லா ஜோடியும், எல்லாச் சூட்டட் ஏஸும், ராஜா-9 சூட்டட்டிலிருந்து, ராணி-10, ராணி-ஜாக்கி சூட்டட், ஜாக்கி-9, ஜாக்கி-10 சூட்டட், 10-9, 9-8, 8-7 சூட்டட், ஆஃப்சூட்டில் ஏஸ்-10 முதல், ராஜா-ஜாக்கி, ராஜா-ராணி, ராணி-ஜாக்கி. 254 விதம், 19 சதவீதம்.

பட்டனில், பின்னால் இருவர் மட்டும்: மேலே சொன்ன எல்லாவற்றோடும் ராஜா-8 சூட்டட், ராணி-9 சூட்டட், 10-8 சூட்டட், 7-6, 6-5 சூட்டட், ஆஃப்சூட்டில் ஏஸ்-7 முதல் ஏஸ்-9 வரை, ராஜா-10, ராணி-10, ஜாக்கி-10. மொத்தம் 346 விதம், 26 சதவீதம். நன்றாகப் பழகியவர்கள் பட்டனில் 40 சதவீதம்கூட ஆடுவார்கள். ஃப்ளாப்புக்குப் பின் ஆடத் தெரிந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் இடத்துக்கும் பட்டனுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் இப்போதைய பழக்கத்தில் எல்லா இடத்துக்கும் ஒரே பட்டியல். இருப்பதிலேயே பெரிய ஓட்டை அதுதான்.

அடுத்து, "ஒரே இனத்தில் எந்த ரெண்டு சீட்டானாலும்" என்பதை இன்றைக்கே விட்டுவிடுங்கள். சூட்டட் கையுடன் ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் அமைவது 0.84 சதவீதம், ஏறக்குறைய 119 முறைக்கு ஒன்று. நான்கு சீட்டு சேர்ந்து ஒன்றுக்காகக் காத்திருக்கும் நிலை 11 சதவீதம். ஐந்து சீட்டும் விழும்வரை இருந்தாலும் கையிலுள்ள இரண்டையும் சேர்த்து ஃப்ளஷ் அமைவது 6.4 சதவீதம்தான். அப்படி அமைந்தாலும் ஜாக்கி-4 வைத்திருப்பவருக்குப் பெரிய கட்டு கட்ட முன்வருபவர் பெரும்பாலும் ராணி, ராஜா, ஏஸ் உயர்ந்த ஃப்ளஷ் வைத்திருப்பார். ஒரே இனம் என்பது ஏற்கனவே நல்ல கைக்குக் கொஞ்சம் உரம் போடுவது மாதிரி. கட்டாந்தரையில் எவ்வளவு உரம் கொட்டினாலும் விளையாது.

"அமெரிக்க போக்கர் ஆட்டக்காரர் டாய்ல் பிரன்சன் 10-2 வைத்து உலகப் போட்டியையே ஜெயித்தாரே" என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், 1976, 1977 இரண்டு ஆண்டும் கடைசிக் கை அவருக்கு 10-2. ஆனால் அது இருவர் மட்டும் மிஞ்சிய ஆட்டம். எட்டுப் பேர் மேசைக்கு அதை உதாரணமாக எடுக்கக் கூடாது.

ரெய்ஸ் அளவு: பிக் பிளைண்டைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு, உங்கள் கணக்கில் 5 அல்லது 6. முன்னால் யாராவது வெறும் 2 கட்டி உள்ளே வந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் இன்னும் 2 கூட்டுங்கள். இருவர் அப்படி வந்திருந்தால் 10. கை நன்றாக இருந்தால் பெரிதாக, சுமாராக இருந்தால் சிறிதாக என்று மாற்றாதீர்கள். இரண்டே வாரத்தில் மேசையில் எல்லாரும் உங்கள் கையைப் படித்துவிடுவார்கள்.

நொய்யல்கரை (திருப்பூர்)

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. 72க்கும் 20க்கும் உள்ள கணக்கு மண்டைல ஏறிருச்சு. இன்னும் மூணு சந்தேகம் இருக்குதுங்க. ரெய்ஸ் பண்ணாம 2 மட்டும் கட்டி மெல்ல உள்ள போனா செலவு கம்மிதானுங்களே? முன்னால ஒருத்தர் ரெய்ஸ் பண்ணிட்டா அதே பட்டியல்தானா? அப்பறம் எங்க மேசைல யார் ரெய்ஸ் பண்ணாலும் நாலஞ்சு பேர் கால் பண்ணிருவாங்க, யாரும் மடிக்கறதே இல்லீங்க. அதுக்கு என்ன பண்றது?

காவேரிக்கரை (நாமக்கல்)

மூணாவது கேள்விதான் முக்கியம், அதுல இருந்து ஆரம்பிக்கறேன். பட்டியலெல்லாம் எதிராளி மடிப்பாருங்கற கணக்குல போட்டது. வீட்டு ஆட்டத்துல மடிக்க மாட்டாங்க. அங்க சீட்டோட மதிப்பே மாறிப்போகும்.

ஏஸ் ஜோடியையே எடுத்துக்குங்க. எதிர்ல ஏதோ ரெண்டு சீட்டோட ஒரே ஆள் இருந்தா கடைசி வரைக்கும் போனா 85 சதவீதம் நம்மதுதான். அஞ்சு பேர் இருந்தா 49க்கு எறங்கிரும். அப்பவும் அதுதான் மேசைலயே நல்ல கை, பாட்டும் பெருசு, அதனால லாபம்தான். ஆனா பாதிக்குப் பாதி தோக்கும்னு தெரிஞ்சே ஆடோணும். ஏஸ் ஜோடிக்கே இந்த நெலமைன்னா ராஜா-ஜாக்கி ஆஃப்சூட் என்னாகும்? அது அமைச்சுக் குடுக்கறது பெரும்பாலும் ஒத்தை ஜோடி. அஞ்சு பேர் ஃப்ளாப்பப் பாக்கறப்ப ஒத்தை ஜோடிய வெச்சுப் பெரிய பாட்டுக்கு நிக்க முடியாது. அதனால உங்க மேசைல ராஜா-ஜாக்கி, ராணி-10, ஏஸ்-9 மாதிரி ஆஃப்சூட் கைகளக் கொறைங்க. சின்ன ஜோடி, சூட்டட் ஏஸ், ஜாக்கி-10 சூட்டட் மாதிரி அமைஞ்சா பெருசா அமையற கைகளக் கொஞ்சம் கூட்டிக்கலாம். இந்த ஒரு எடத்துல வாத்தியார் பட்டியல்ல இருந்து நான் மாறுபடறேன்: எல்லாரும் கால் பண்ற மேசைல கட்-ஆஃப்ல ராணி-ஜாக்கி ஆஃப்சூட்ட நான் எடுத்திருவேன். ரெய்ஸ் அளவும் 6 பத்தாது. 8 கட்டுங்க, முன்னால சும்மா வந்தவங்க இருந்தா அதுக்கு மேல கூட்டிக்குங்க. நாலு பேர் வர்ற எடத்துல ரெண்டு பேராக் கொறைச்சாலே நல்ல கைக்கு மூச்சு வரும்.

சின்ன ஜோடிக்கு ஒரு கணக்கு இருக்குது. ஃப்ளாப்புல அதே எண்ணுல மூணாவது சீட்டு விழுந்து செட் அமையறது 11.8 சதவீதம், எட்டரைத் தடவைக்கு ஒண்ணு. அப்ப அமைஞ்ச ஒரு தடவைல, அமையாத ஏழரைத் தடவைக்கும் சேத்து வாங்கோணும். எதிராளி 6 கட்டி நீங்க கால் பண்ணோணும்னா, உங்ககிட்டயும் அவர்கிட்டயும் கொறைஞ்சது 90 கொட்டை, முடிஞ்சா 120 இருக்கோணும். அதாவது கட்டறதப் போல 15லிருந்து 20 மடங்கு. அவர்கிட்ட 40தான் மிச்சம்னா 3 ஜோடிய மடிச்சுருங்க. செட்டே அமைஞ்சாலும் வாங்கறதுக்கு அவர்கிட்ட ஒண்ணுமில்ல. செட் அமையலைன்னா அடுத்த கட்டுக்கே உட்டுருங்க. 4 ஜோடிய வெச்சுட்டு, ராஜாவும் 9மும் விழுந்த மேசைல "பொய் சொல்றாரோ"ன்னு கட்டறதுதான் கொட்டைய அதிகமாத் திங்கும்.

பெரிய ஜோடி கைல வந்துட்டா முடிஞ்சதுன்னும் நெனைக்காதீங்க. ராஜா ஜோடி வெச்சிருந்தா ஃப்ளாப்புல ஏஸ் விழ வாய்ப்பு 23 சதவீதம். ராணி ஜோடிக்கு மேல ஏஸோ ராஜாவோ விழறது 41. ஜாக்கி ஜோடிக்கு மேல பெருசு விழறது 57. 10 ஜோடிக்கு 70. ஜாக்கி ஜோடிய எல்லாரும் "ராசியில்லாத கை"ம்பாங்க. ராசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, பாதிக்கு மேல அதவிடப் பெரிய சீட்டு விழறதுதான் காரணம். அதுக்குத்தான் ஃப்ளாப்புக்கு முன்னாலயே ரெய்ஸ் பண்ணி ஆளக் கொறைக்கச் சொல்றது.

2 மட்டும் கட்டி மெல்ல உள்ள போறது, லிம்ப்புன்னு சொல்றது, செலவு கம்மி மாதிரி தெரியும். ரெய்ஸ் பண்ணினா ரெண்டு வழில செயிக்கலாம்: எல்லாரும் மடிச்சாலும் பாட் நம்மது, சீட்டு நல்லா அமைஞ்சாலும் நம்மது. லிம்ப் பண்ணினா மொத வழி அடைஞ்சுபோகும். அதோட பின்னால ஒருத்தர் 8க்கு ரெய்ஸ் பண்ணினா கட்டின 2ஐ உட்டுட்டு எந்திரிக்கோணும், இல்லைன்னா சுமாரான கையோட கெட்ட எடத்துல இன்னும் 6 கட்டோணும். உங்களுக்கு முன்னால ரெண்டு மூணு பேர் லிம்ப் பண்ணியிருந்து, நீங்க பட்டன்ல சின்ன ஜோடியோ 8-7 சூட்டட்டோ வெச்சிருந்தா மட்டும் பின்னால லிம்ப் பண்றது பரவால்ல.

முன்னால ஒருத்தர் ரெய்ஸ் பண்ணிட்டா அதே பட்டியல் ஆகாது. ரெய்ஸ் பண்றதுக்கு வேண்டியத விடக் கால் பண்றதுக்கு நல்ல கை வேணும். போக்கர் புத்தகம் எழுதின டேவிட் ஸ்க்லான்ஸ்கி இதை இடைவெளின்னு பேர் வெச்சு வெளக்கினார். மொத ஆளா ரெய்ஸ் பண்றவர் அந்த 88 கைல ஒண்ண வெச்சிருக்கார்னு எடுத்துக்குங்க. அதுக்கு எதிர்ல ஏஸ்-ஜாக்கி, ராஜா-ராணி ஆஃப்சூட் ரெண்டுமே மடிக்கற கை. ஏஸ்-ராணி ஆஃப்சூட் கூட மடிச்சா தப்பில்ல. ராணி ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ் ஜோடி, ஏஸ்-ராஜா இருந்தா மறு ரெய்ஸ் பண்ணுங்க: அவர் 6 கட்டினா, நீங்க அவருக்குப் பின்னால பேசற எடத்துல இருந்தா 18, பிளைண்டுல இருந்தா 24. அதே ரெய்ஸ் பட்டன்ல இருந்து வந்தா கதை வேற, அவர் 346 கைல எதையும் வெச்சிருக்கலாம். யார் கட்டறார்ங்கறதோட எங்க இருந்து கட்டறார்ங்கறதயும் பாக்கோணும்.

ஸ்மால் பிளைண்டுக்கு யாரும் பதில் சொல்லலை. பாதி கட்டியாச்சேங்கறது காரணமே ஆகாது, கட்டின 1 பாட்டுக்குச் சொந்தம். விலைய மட்டும் பாருங்க. மூணு பேர் லிம்ப் பண்ணியிருந்தா பாட்டுல 9 இருக்குது, நீங்க 1 கட்டினா 10. பத்துல ஒரு பங்கு செயிச்சாப் போதும், அதனால சின்ன ஜோடி, சூட்டட் ஏஸ், 7-6 மாதிரி அடுத்தடுத்த சூட்டட் சீட்டு எல்லாத்துக்கும் கட்டிப் பாக்கலாம். ராஜா-7 ஆஃப்சூட்டுக்கு அப்பவும் கட்டாதீங்க. ராஜா விழுந்தா உடவும் முடியாம கட்டவும் முடியாம முழிக்க வெக்கும். ஆனா ஒருத்தர் 6க்கு ரெய்ஸ் பண்ணியிருந்தா? பாட்டுல 9, நீங்க 5 கட்டோணும், கிட்டத்தட்ட 36 சதவீதம் வேணும். பின்னால பிக் பிளைண்ட் இன்னும் பேசலை, ஃப்ளாப்புக்குப் பொறகு மூணு சுத்தும் நீங்கதான் மொதல்ல பேசோணும். மேசைலயே கெட்ட எடம் அது. மறு ரெய்ஸ் பண்ற கை இல்லைன்னா மடிச்சுருங்க.

பிக் பிளைண்டுல அதே ரெய்ஸுக்கு 4தான் கட்டோணும், 31 சதவீதம் போதும், பின்னால பேசவும் ஆளில்லை. கொஞ்சம் தளர்வா கால் பண்ணலாம். கொஞ்சம்தான்.

கணக்குவாத்தியார் (கோவை)

ராணி-ஜாக்கி ஆஃப்சூட் பற்றி அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான்கைந்து பேர் கால் பண்ணும் மேசைக்கு அதை எடுத்துவிடுவதுதான் நல்லது. பட்டனில் நான் சேர்த்த ராணி-10, ஜாக்கி-10 ஆஃப்சூட்டும் அதே கணக்கில் போகட்டும். 36 விதம் குறைந்து பட்டன் பட்டியல் 310 ஆகும், 23 சதவீதம்.

பிக் பிளைண்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 31 சதவீதம் போதும் என்பது ஐந்து சீட்டும் விழும்வரை உங்களை யாரும் விரட்டாவிட்டால்தான். முதலில் பேச வேண்டிய இடத்தில் பல நேரம் டர்னிலேயே மடிக்க வேண்டிவரும். அதனால் 9-3 ஆஃப்சூட் போன்ற கைக்கு விலை மலிவாகத் தெரிந்தாலும் கட்ட வேண்டாம். ஒன்றோடொன்று சேரும் சீட்டு, ஒரே இனச் சீட்டு, ஜோடி ஆகிய மூன்றுக்கும் மட்டும் தளர்வு கொடுங்கள்.

பழகுவதற்குச் செயலி தேடுவீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தைத் திறமை ஆட்டமானாலும் அதிர்ஷ்ட ஆட்டமானாலும் தடை செய்கிறது. புளியங்கொட்டையே நல்லது. படிப்பதற்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

நொய்யல்கரை (திருப்பூர்)

தெளிவாயிருச்சுங்க. பட்டியல எழுதி வெச்சாலும் ஆடறப்ப மறந்துருதுங்க. சீட்டு கைக்கு வந்த உடனே ஆசை முந்திக்குது. இதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?

பவானிக்காரர் (ஈரோடு)

இருக்குது தம்பி. உங்க மொறை வர்ற வரைக்கும் சீட்டைப் பாக்காதீங்க. முன்னால பேசறவங்க என்ன பண்றாங்கன்னு மட்டும் பாருங்க. சீட்டு தெரியாதப்ப ஆசையும் வராது, உங்க மொகத்துல யாரும் எதையும் படிக்கவும் முடியாது. மொறை வந்ததும் மூணே கேள்வி, இதே வரிசைல: முன்னால யாராச்சும் ரெய்ஸ் பண்ணியிருக்காங்களா? எனக்குப் பின்னால எத்தனை பேர்? அந்த எண்ணிக்கைக்கு என் பட்டியல் என்ன? அதுக்கப்பறம் சீட்டைத் தூக்கிப் பாருங்க. பட்டியல்ல இருந்தா ரெய்ஸ், இல்லைன்னா மடிங்க.

தனியா உக்காந்தும் பழகலாம். ஒரு கட்டு சீட்டு, எட்டுக் கொட்டைய வட்டமா வெச்சு ஒண்ணுல மட்டும் மஞ்சள் தடவி பட்டன்னு வெச்சுக்குங்க. எட்டு எடத்துக்கும் ரெண்டு ரெண்டு சீட்டு போட்டு, பிக் பிளைண்டுக்கு அடுத்த எடத்துல இருந்து ஒவ்வொண்ணா தூக்கி, பின்னால எத்தனை பேர்னு வாய்விட்டுச் சொல்லி, ஆடறதா மடிக்கறதான்னு சொல்லுங்க. பட்டன ஒரு எடம் தள்ளி மறுக்கா போடுங்க. ஒரு முழுச் சுத்து வர இருவது நிமிசம் ஆகும். நாலஞ்சு நாள்ல எண்ணிக்கை தன்னால வாய்க்கு வந்துரும்.

ஏஸ்-9, ஏஸ்-10 ஆஃப்சூட் மொதல் மூணு எடத்துல வந்தா அந்தச் சீட்டை ஒரு ஓரமா எடுத்து வெச்சுட்டே வாங்க. அது எத்தனை தடவை வருதுன்னும், அதே சுத்துல மேசைல வேற யார்கிட்டயாவது பெரிய ஏஸோ பெரிய ஜோடியோ இருந்துதான்னும் சீட்டைத் திருப்பிப் பாத்து ஒரு தாள்ல கோடு போடுங்க. ஞாயித்துக்கெழமை அந்தத் தாளோட மேசைக்குப் போங்க.